நிச்சயத்தன்று வாசலில் வேப்பிலை

"…சொன்னா சொன்னதுதான். வேப்பிலை கட்டின வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். தாம்பாளம் ஏந்தி அழைச்சாலும் சரி, தலைகீழா நின்னு அழைச்சாலும் சரி."

என்னை நிச்சயம் செய்ய வந்த அம்மாள் எங்கள் வாசலுக்கு எதிரே, முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னார். நிச்சயத்துக்குரிய பெண்ணான நானோ வீட்டுக்குள்ளே பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்சு பூசிக்கொண்டு, ஒரு வாழை இலை மேல் உட்கார்ந்திருந்தேன். அரிப்பில் அழுகை வந்தது. அழ வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது.

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீடு பலகை வீடு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். அதில் கண்ணை வைத்தால் சடக்கில் போகிற சைக்கிள், எதிர் வேலியில் காய்கிற துணி, வருகிற விருந்தாளி எல்லாம் தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மிச்சப் படிப்பெல்லாம் புளி கட்டி வந்த பத்திரிகைத் தாளிலும் இந்தப் பலகை இடுக்கிலும் படித்ததுதான். யார் என்ன பேசினாலும் காதில் வாங்கி, நல்லதாக இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பேசினவர்களுக்கே மறந்து போன பேச்சு எல்லாம் என் நோட்டில் உண்டு.

அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஆளுடைய பேச்சு. பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் அவர். என் சித்தி வீடு அந்தப் பக்கம் என்பதால் மாதம் இரண்டு தடவை அந்த பஸ்ஸில் போவேன். அவர் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவார்: "ஏறுறவங்க ஏறுங்க, இறங்குறவங்க இறங்குங்க, யோசிக்கிறவங்க வீட்டுல உக்காந்து யோசிங்க!" பஸ்ஸே சிரிக்கும். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பேன். அவரிடம் நான் பேசினது எல்லாம் "பத்து பெரெண்டாம் ஒண்ணு" என்பதுதான். அதையும் சரியாகச் சொல்ல வராமல் ஒரு தடவை "பத்து பெரெண்டாம் ரெண்டு" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த சீனக் கிழவருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டேன்.

அவரே எனக்கு வரனாக வந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக. கோயில் திருவிழாவில் அவருடைய தாய்மாமனும் என் அப்பாவும் பக்கத்துப் பக்கத்துப் பந்தியில் சாப்பிட்டதில் தொடங்கிய பேச்சு. அவர்கள் வீடு உஜோங் பாசிரில். பெயரைக் கேட்டு, வேலையைக் கேட்டு, நான் அடுப்பங்கரைக்கு ஓடி வெங்காயம் உரித்தேன். வெங்காயம் உரிக்க வேண்டிய சமையல் அன்றைக்கு இல்லை.

இது நடந்தது மெர்டேக்காவுக்கு, அதாவது எங்கள் சுதந்திர தினத்துக்கு, இரண்டு வாரம் முன்னால். ஆடி முடிந்து ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். கடைகளில் கொடி தொங்க ஆரம்பித்துவிட்டது. எங்கே பார்த்தாலும் சிவப்பு வெள்ளைக் கோடு.

எங்களுக்குக் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்க வெயில், நடுவில் அது மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு மழை. வேர்க்குரு, கொசுக்கடி, எறும்புக்கடி, பூச்சிக்கடி எல்லாம் வீட்டு ஆட்களைப் போல எங்களோடேயே இருக்கும். அப்பாவுக்கு வேலை கால்வாயில் கொசு மருந்து எண்ணெய் தெளிப்பது. "ஊர்க் கொசுவையெல்லாம் நான் விரட்டுறேன், அதுங்க என் விலாசம் கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுது" என்பார். நல்லவேளையாக, கடிக்கு அரைத்துப் பூசுகிற குப்பைமேனி எங்கள் வேலியோரம் எப்போதும் இருக்கும். யாரும் நட்டதில்லை, யாரும் பிடுங்கினதும் இல்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா தன் கல்யாணப் பட்டுப் புடவையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார். பட்டை வெயிலில் போடக்கூடாது, சாயம் வெளுத்துவிடும், நிழலில்தான் காற்றாட விட வேண்டும் என்பது அம்மாவுடைய சட்டம். எங்கள் வாசலில் இருக்கிற ஒரே நிழல் முருங்கை மரம். கொடியைக் கட்டி, பட்டை விரித்துப் போட்டு, காக்கை வராமல் இருக்க நடுநடுவே "ச்சூ ச்சூ" என்று காவலும் காத்தார். காக்கை வரவில்லை. மரத்தின் மறுபக்கம் கம்பளிப்பூச்சிகள் கூட்டம் போட்டு உட்கார்ந்திருந்ததை அம்மாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பூச்சி கூடப் புடவையில் ஏறவில்லை. அதன் ரோமம்தான் காற்றில் பறந்து வந்து, ஜரிகை மேல் ஜரிகையாகப் படிந்துவிட்டது.

மாலையில் அம்மா சொன்னார், "ஒரு தரம் கட்டிப் பாருடி, நாளைக்கு அவசரத்துல கொசுவம் நிக்காது."

கட்டினேன். கொசுவம் நின்றது. என்னால் நிற்க முடியவில்லை.

"அம்மா, மேலெல்லாம் குறுகுறுங்குது."

"கல்யாணக் களைடி. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"கழுத்துல ஊசி குத்துற மாதிரி இருக்கும்மா."

"பட்டுன்னா முதல்ல அப்படித்தான் இருக்கும்."

"உங்களுக்கும் இட்லி இட்லியாத் தடிச்சுதா?"

அப்போதுதான் அம்மா விளக்கைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு விளக்கை வைக்கிற இடம் தெரியாமல் அப்பா கையில் கொடுத்தார். தோளிலிருந்து முழங்கை வரைக்கும், கழுத்தைச் சுற்றியும், இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நான் சொறியப் போன கையை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் தடுத்தது.

"ஜாங்ஙான் காரு! சொறியாதே!"

எங்கள் அடுத்த வீட்டு மக்சிக்தான். மக்சிக் என்றால் மலாயில் அத்தை. மலாக்கா செட்டி வம்சம். சாரோங் கெபாயா கட்டுவார், நெற்றியில் திருநீறு பூசுவார். கும்பிடுவது எங்கள் மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகளை இரண்டு கையில் எண்ணிவிடலாம், ஆனால் அத்தனையும் சரியான நேரத்தில் வந்து விழும். வேலி வழியாகவே என் கையைப் பிடித்துப் பார்த்து, "உலாட் புலு" என்றார். கம்பளிப்பூச்சி. உள்ளே போய் அவித்த புளுட் அரிசியை ஓர் உருண்டையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். பசை மாதிரி ஒட்டுகிற அரிசி அது. தடிப்பு மேல் வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. தேய்த்தால் ரோமம் உள்ளே போய்விடுமாம். ஒற்ற ஒற்ற, வெள்ளை உருண்டையில் மயிரிழை போல ஒட்டி வந்தது. எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அதோடு விட்டார்களா? அம்மா குப்பைமேனியைப் பறித்து, பச்சை மஞ்சளும் கொஞ்சம் உப்பும் வைத்து அம்மியில் அரைத்தார். உப்பு பட்டதும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழி கூண்டுக்குப் போக மறந்து நின்றது. மறுநாள் காலை உப்பில்லாமல் அரைத்தார்கள். அப்பா பங்குக்குத் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துக் கற்பூரம் கரைத்தார். மக்சிக் அதற்கு மேல் பெடாக் செஜுக் கொண்டு வந்தார். அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்த வெள்ளைப் பொட்டுகள். தண்ணீரில் குழைத்துப் பூசினால் ஐஸ் வைத்தது போல இருக்கும், பாண்டான் இலை வாசம் வேறு வரும். மக்சிக் அதை விரலால் கோடு கோடாக இழுத்தார்.

அப்பா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிவந்தார். "தடிப்பு சிவப்பு, பெடாக் வெள்ளை, மஞ்சளும் இருக்கு. இன்னும் நீலம் மட்டும்தான் பாக்கி. மெர்டேக்கா அன்னைக்கு உன்னையே கம்பத்துல ஏத்திடலாம்" என்றார். அம்மா முறைத்தார். அப்பா உண்மையிலேயே உள்ளே போய்ச் சலவைக்குப் போடுகிற நீலக் கட்டியோடு வந்தார். "சிரிக்காதீங்க, குளவி கொட்டினா நீலம் தடவுவாங்க, தோட்டத்து லயத்து வீட்டுல எங்கம்மா தடவியிருக்காங்க." அம்மா அந்தக் கட்டியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தார்.

ஞாயிறு விடிந்ததும் தடிப்பு பாதி அடங்கியிருந்தது. கழுத்தில் மட்டும் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நேரம் இருக்கிறது, ஒரு தரம் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் குளித்து, இன்னொரு பூச்சு பூசி ஊறவிட்டு, இரண்டு மணிக்குக் கழுவினால் முகம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். அப்பா கோயில் பக்கமிருந்து ஒரு வேப்பங்கிளையையே உடைத்துக்கொண்டு வந்தார். பாதியை அண்டாவில் போட்டார். மீதியைத் தரையில் வைத்தால் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிடும் என்று கொத்தாகக் கட்டி, கைக்கு எட்டிய ஆணியில் மாட்டினார். கைக்கு எட்டிய ஆணி, வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் கட்டுகிற ஆணி.

பூச்சு பாயில் ஒட்டாமல் இருக்க, அம்மா வாழை இலை விரித்து என்னை அதன்மேல் உட்காரவைத்தார். கறை பட்டால் பரவாயில்லை என்று பழைய மஞ்சள் பாவாடை. இப்போது எண்ணிப் பாருங்கள். வாசலில் வேப்பிலை, வீடெல்லாம் மஞ்சள் வாசம், வாழை இலை மேல் மஞ்சள் துணியோடு ஒரு பெண். தமிழ்நாட்டிலானாலும் சரி, மலாக்காவிலானாலும் சரி, நம்மவர்கள் யார் பார்த்தாலும் ஒன்றுதான் சொல்வார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், அம்மை போட்டிருக்கிறது, திரும்பிப் போ. இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு அன்றைக்கு அது அரிப்பு மருந்து, அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு டாக்சி வந்து நின்றது. ஊருக்குள் மெர்டேக்கா ஊர்வல ஒத்திகை, மத்தியானத்துக்கு மேல் சடக்கை மூடிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முன்னாலேயே புறப்பட்டு வந்துவிட்டார்கள். டாக்சிக்காரர் "காப்பி குடிச்சிட்டு வந்திடுறேன்" என்று மூன்று பேரையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கோட்டுப் போட்ட தாய்மாமன், தட்டும் பழமுமாக மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் வெள்ளைச் சட்டையில் டிக்கெட்காரர். மணிக்கயிறு இல்லாமல் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முன்னால் வந்த அந்த அம்மாள் நிலையை நிமிர்ந்து பார்த்தார். கால் நின்றது. தட்டு ஆடியது. ஒரே திருப்பு. நேரே போய் முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டார்.

அப்பா இடுப்புச் சாரத்தோடு, மேல்சட்டை இல்லாமல், கையில் விறகோடு ஓடினார். "வாங்க சம்பந்தி, ஏன் அங்க நிக்கிறீங்க?"

"ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டுல நிச்சயமா? ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாது?"

"ஆத்தாவா? ஐயோ, அது கம்பளிப்பூச்சிங்க!"

"வேப்பிலை கட்டுறது கம்பளிப்பூச்சிக்கா? நானும் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவதான்."

அப்பா விறகைக் கீழே போட்டு, வாசலுக்குத் திரும்பி ஓடி, கொத்தை எடுக்கக் கையைத் தூக்கினார். அந்த அம்மாள் அலறினார். "தொடாதீங்க! தண்ணி ஊத்தாம வேப்பிலையைக் கழட்டினா ஆத்தா சும்மா விடுவாளா?"

கை தூக்கியபடியே அப்பா நின்றார். கழற்றினால் குற்றம். விட்டால் அம்மை. பலகை இடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நான் மாரியம்மாவிடமே முறையிட்டேன். தாயே, நீ வரவே இல்லை என்று நீயாவது வந்து சொல்லேன்.

அப்போது டிக்கெட்காரர் வாயைத் திறந்தார். "அம்மா, உள்ள வடை சுடுற வாசம் வருது. அம்மை போட்ட வீட்டுல எண்ணெச் சட்டி வெப்பாங்களா?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர் சொன்னது சரிதான், அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள்.

"வெப்பாங்க. நம்மள ஏமாத்த வெப்பாங்க" என்றார் அவருடைய அம்மா. குரல் உடைந்துவிட்டது. டிக்கெட்காரர் என் அப்பாவின் பக்கம் இரண்டடி வந்து, தணிந்த குரலில் சொன்னார். எங்கள் வீட்டில் தணிந்த குரல் என்பது கிடையாது, எல்லாம் காதில் விழும். "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மேல ரெண்டு பேரு இருந்தாங்க. சப்பான்காரன் காலத்துல, லயத்துல அம்மை வந்தப்ப, ஒரே வாரத்துல ரெண்டு பேரும் போயிட்டாங்க. அதுலேருந்து வேப்பிலையைக் கண்டா அம்மா இப்படித்தான்."

அப்பா கையை இறக்கினார். நானும் சிரிப்பை விழுங்கினேன். இனி இந்த அம்மாளிடம் யார் என்ன வாதாடுவது? டாக்சி திரும்பி வந்தால் அவர் ஏறிவிடுவார். அவர் ஏறினால் மகனும் ஏறுவார். அப்புறம் பத்து பெரெண்டாம் பஸ்ஸில் நான் எந்த முகத்தோடு ஏறுவேன்? சித்தி வீட்டுக்கு நடந்தே போக வேண்டியதுதான்.

அதற்குள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்குத்தான் உண்மையான ஆபத்து கண்ணில் பட்டது. அகப்பையை ஆட்டிக்கொண்டு கத்தினார். "ஐயோ, அந்த மரத்தடியில நிக்காதீங்க!"

"பாத்தியா தம்பி!" மாப்பிள்ளையின் அம்மா தன் தம்பியைப் பார்த்தார். "மரத்தடியில கூட நிக்கக் கூடாதாமே! நிழலுக்கும் இவங்ககிட்ட கேக்கணுமா? நிப்பேன். இங்கேதான் நிப்பேன்." சொன்னதோடு நிற்கவில்லை. ரோஷத்தோடு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். சேலையை வேறு இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

அம்மா அகப்பையால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். நான் வாழை இலையில் எழுந்து நின்றுவிட்டேன்.

முதலில் ஆட ஆரம்பித்தது கோட்டு. தாய்மாமன் தோளைக் குலுக்கினார், பிறகு காலரைத் தளர்த்தினார், பிறகு முதுகை மரத்தில் தேய்க்கப் போய், மாமனுக்கே உரிய அறிவோடு நன்றாக அழுத்தித் தேய்த்தார். "என்னமோ கடிக்குதுக்கா." "சும்மா இருடா, பெரிய மனுசனா நில்லு." அடுத்து டிக்கெட்காரர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய அம்மா மட்டும் அசையவில்லை. ஆனால் வாய்தான் அசையவில்லையே தவிர, வலது முழங்கை தானாக விலாவில் உரசிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றார் மகன், சொறிந்துகொண்டே. "ஏறுறதா, இறங்குறதா? யோசிக்கிறதா இருந்தா வீட்டுல உக்காந்து யோசிங்களேன்."

என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். அவர் நேராக நான் இருந்த இடுக்கைப் பார்த்தார். "பத்து பெரெண்டாம் ரெண்டு" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பூச்சு இல்லாமலிருந்தால் தெரிந்திருக்கும். அவருக்கும் நினைவிருக்கிறது!

அந்த நேரம் பார்த்து வேலியைத் திறந்துகொண்டு மக்சிக் வந்தார், கையில் புளுட் உருண்டை. யாரையும் கேட்கவில்லை. டிக்கெட்காரரின் கழுத்தைப் பிடித்துத் திருப்பினார், ஒற்றினார், எடுத்தார், உருண்டையை அவருடைய அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "தெங்கோ! பாரு! உலாட் புலு. அம்மை தாடா. அம்மை இல்லே." பிறகு மரத்தைச் சுற்றி இழுத்துப்போய் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே கம்பளிப்பூச்சிகள் ஒன்றோடொன்று அணைத்துக்கொண்டு, ஒரு பெரிய கூட்டுக் குடும்பமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

அந்த அம்மாள் உருண்டையைப் பார்த்தார். ரோமம் ஒட்டியிருந்தது. மகன் கழுத்தைப் பார்த்தார். இட்லி இட்லியாக எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எங்கள் வாசலைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணெயில் வடை கருகுகிற வாசம் வந்தது, அம்மா போய்ப் பார்க்கவில்லை. சடக்கின் கோடியில் டாக்சி ஹார்ன் கேட்டது.

"சம்பந்தி" என்றார் அப்பா, கெஞ்சலாக.

"என்ன சம்பந்தி? நான் சொன்னா…" தோளை ஒரு தரம் குலுக்கினார். "…சொன்னா சொன்னதுதான். வேப்பிலை கட்டின வீட்டுக்குள்ள நான் கால்…"

முடிக்கவில்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் கழுத்துக்குப் போயின. தட்டு மக்சிக் கையில், பழம் தாய்மாமன் காலில். விறுவிறுவென்று வாசலைத் தாண்டி வந்து, நிலையில் தொங்கிய வேப்பிலைக் கொத்தை ஓர் இழுப்பில் பிடுங்கி, அதாலேயே முதுகைச் சொறிந்துகொண்டு உள்ளே நுழைந்தார். அடுத்த அடியில் என் முன்னால் நின்றார். பச்சை, மஞ்சள், வெள்ளை என்று என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "தள்ளி உக்காரு புள்ள" என்றார். நான் தள்ளினேன். மிச்சமிருந்த பாதி வாழை இலையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சேலையைக் கழுத்திலிருந்து இறக்கி, குப்பைமேனிக் கிண்ணத்தோடு நின்ற என் அம்மாவுக்கு முதுகைக் காட்டினார்.